ஓடியபடி சுட வேண்டும், புள்ளியை நொடியால் வகுக்க வேண்டும்: ‘பிராக்டிகல்’ கைத்துப்பாக்கிப் போட்டி நடைபெறுவது எப்படி?

புது தில்லி: துப்பாக்கி சுடுதல் என்றதும் இந்திய வாசகர்களின் நினைவுக்கு வருவது, அசையாமல் நின்று ஒற்றைக் கையை நீட்டிக் குறிபார்க்கும் ஒலிம்பிக் காட்சிதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிரிவில் ஐந்து இலக்குகளை 4 நொடிகளுக்குள் சுட வேண்டிய நெருக்கடி உண்டு. ஆனால் அங்கும் வீரர் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில்லை.

‘பிராக்டிகல்’ எனப்படும் போட்டி அதற்கு நேர்மாறானது. இடுப்பு உறையில் இருந்து துப்பாக்கியை உருவி, தடுப்புகளுக்கு இடையே ஓடி, வழியில் மேகசின் மாற்றி, வெவ்வேறு தொலைவுகளில் உள்ள அட்டை இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். சுடக்கூடாத இலக்குகளும் நடுவே நிறுத்தப்பட்டிருக்கும். 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாகாணத்தில் உள்ள கொலம்பியா நகரில் உருவான சர்வதேச பிராக்டிகல் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு (ஐபிஎஸ்சி) இதற்கான விதிகளை வகுக்கிறது. அதன் முதல் தலைவர் ஜெஃப் கூப்பர்.

வெற்றியை முடிவு செய்வது ஓர் எளிய வகுத்தல் கணக்கு. பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுக்க வேண்டும். 16 அட்டை இலக்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டுகள் என்றால் அதிகபட்சம் 160 புள்ளிகள். ஒருவர் 20 நொடிகளில் 150 புள்ளிகள் பெற்றால் விகிதம் 7.5. மற்றொருவர் 17.5 நொடிகளில் 140 புள்ளிகள் பெற்றால் விகிதம் 8. துல்லியத்தில் பின்தங்கிய இரண்டாமவருக்கே முழு 160 புள்ளிகள் சேரும். முதலாமவருக்கு விகிதப்படி 150 மட்டுமே. ஆனால் அதே அவசரத்தில் இரண்டாமவரின் நடுப்பகுதிக் குண்டு ஒன்று இலக்கைத் தவறவிட்டிருந்தால், அதற்குரிய 5 புள்ளிகள் போவதோடு 10 புள்ளிகள் அபராதமும் விழும். விகிதம் 7.14 ஆகச் சரிந்து முன்னிலை கைமாறிவிடும்.

ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி தோட்டா இல்லாமலேயே நடைபெறுகிறது. உறையில் இருந்து உருவுதல், மேகசின் மாற்றுதல், விசையை அசைவின்றி அழுத்துதல் ஆகியவற்றை வெற்றுத் துப்பாக்கியுடன் டைமர் ஒலிக்கு ஏற்ப நூற்றுக்கணக்கான முறை செய்து பழகுகின்றனர். அப்போது தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது என்பது தேர்ந்த வீரர்கள் விட்டுக்கொடுக்காத ஒழுங்கு. போட்டி நாளில், சுடுவதற்கு முன் களத்தை நடந்து பார்க்கச் சில நிமிடங்கள் அளிக்கப்படும். எந்த இடத்தில் எந்த இலக்கு தெரியும், எத்தனையாவது குண்டுக்குப் பின் மேகசின் மாற்றுவது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டிய நேரம் அது. கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கையசைத்தபடி வீரர்கள் நிற்பது பார்வையாளர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம்.

தோட்டாவும் சோதிக்கப்படும். கிரெய்ன் அளவிலான குண்டின் எடையை, நொடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். வராவிட்டால் தொடர்ந்து சுடலாம், ஆனால் மதிப்பெண் கிடையாது.

எல்லாவற்றையும்விடக் கடுமையானவை பாதுகாப்பு விதிகள். குழல்முனை பின்பக்கமாக 90 டிகிரியைத் தாண்டித் திரும்பினாலோ, ஓடும்போதோ மேகசின் மாற்றும்போதோ விரல் விசைக் காப்பு வளையத்துக்குள் இருந்தாலோ, துப்பாக்கி கைநழுவி விழுந்தாலோ போட்டி முழுவதில் இருந்தும் வெளியேற்றம். அந்தச் சுற்று மட்டுமல்ல, மற்ற சுற்றுகளில் சேர்த்த புள்ளிகளும் போய்விடும். எச்சரிக்கை கொடுத்து விடுவது என்ற பேச்சுக்கு இடமில்லை. இடப்பக்கம் ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும் வலக்கை வீரர் குழல்முனையைத் தன்னையறியாமல் பின்னோக்கித் திருப்பிவிடும் அபாயம் அதிகம். மாதக்கணக்கான உழைப்பு அந்த ஓர் அசைவில் முடிந்துபோகும்.

இந்தியாவில் இந்த விளையாட்டு பரவாததற்கு முக்கியக் காரணம் சட்டம். ஐபிஎஸ்சி கைத்துப்பாக்கிப் போட்டிக்குக் குறைந்தபட்சமாக 9 மி.மீ. (9×19) தோட்டா தேவை. ஆனால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் 9 மி.மீ. கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் இவ்வகைக்குச் சாதாரண உரிமம் போதாது. மக்கள் உரிமம் பெற்று வாங்கும் .32 கைத்துப்பாக்கியின் தோட்டாவோ, மேற்சொன்ன 125 என்ற அளவில் ஏறக்குறைய பாதியையே எட்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றில் இருந்து இரண்டாகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்குகள் உண்டு.

துப்பாக்கிச் சட்டங்கள் இறுக்கமாக உள்ள ஜப்பான், ஹாங்காங் போன்ற இடங்களில் ஆர்வலர்கள் ‘ஆக்‌ஷன் ஏர்’ என்ற பிரிவை நாடுகின்றனர். அதில் வாயு அழுத்தத்தால் இயங்கும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் இருந்து 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகள் பாய்கின்றன. 90 டிகிரி விதி அங்கும் அப்படியே உள்ளது.