மாதிரி வானூர்திகளுக்கான இலித்தியம் மின்கலங்கள்

வானலைக் கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி வானூர்திகளின் மின் மோட்டார்களை இயக்க, மீண்டும் மின்னேற்றக்கூடிய இலித்தியம் மின்கலங்கள் பயன்படுகின்றன. பெரும்பாலான சிறு வானூர்திகளில் மோட்டார், அலைவாங்கி, சுக்கான்களை அசைக்கும் செர்வோக்கள் ஆகிய அனைத்துக்கும் ஒரே மின்கல அடுக்கிலிருந்தே மின்சாரம் செல்கிறது. ஆகவே அடுக்கு செயலிழந்தால் மோட்டார் நிற்பதுடன் வானூர்தியும் கட்டுப்பாட்டை இழக்கிறது.

வகைகள்

இலித்தியம் பாலிமர் (லிப்போ): மென்மையான உறைக்குள் அமைந்த தட்டையான கலம். எடை குறைவு, குறுகிய நேரத்தில் மிகுந்த மின்னோட்டத்தைத் தரும். மாதிரி வானூர்திகளில் அதிகம் பயன்படுவது இதுவே. ஒரு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். முன்பு பயன்பட்ட நிக்கல் வகைக் கலம் 1.2 வோல்ட் மட்டுமே தந்தது.

இலித்தியம் அயனி உருளைக் கலம்: அதே எடையில் கூடுதல் ஆற்றலைச் சேமிக்கும், ஆனால் தரும் மின்னோட்டம் குறைவு. நெடுநேரம் மெதுவாகப் பறக்கும் வானூர்திகளுக்கு ஏற்றது.

இலித்தியம் இரும்பு பாசுபேட்டு: எடை சற்றுக் கூடுதல், தீப்பற்றும் வாய்ப்பு குறைவு. எரிபொருள் எஞ்சின் கொண்ட வானூர்திகளில் அலைவாங்கிக்கு மின்சாரம் தரப் பயன்படுகிறது.

மேலட்டையில் உள்ள எண்கள்

லிப்போ அடுக்கின் மேல் '3எஸ், 2200 மில்லி ஆம்பியர் மணி, 25சி' என்பது போல அச்சிடப்பட்டிருக்கும்.

'3எஸ்' என்றால் மூன்று கலங்கள் தொடர் இணைப்பில் உள்ளன என்று பொருள். 3 × 3.7 = 11.1 வோல்ட். முழு மின்னேற்றத்தில் ஒரு கலம் 4.2 வோல்ட் காட்டும். எனவே அடுக்கு 12.6 வோல்ட் காட்டும்.

'2200 மில்லி ஆம்பியர் மணி' என்பது கொள்திறன். 2.2 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தரலாம் என்பது இதன் பொருள்.

'25சி' என்பது தரக்கூடிய உச்ச மின்னோட்டத்தைக் குறிக்கும். கொள்திறனால் பெருக்கினால் 25 × 2.2 = 55 ஆம்பியர் கிடைக்கும். இந்த எண் பல நேரங்களில் மிகைப்படுத்தி அச்சிடப்படுவதால், தேவையைப் போல இரு மடங்கு தரும் அடுக்கை வாங்குவது நல்லது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் பார்க்க வேண்டியது வானூர்தியின் தேவை. மின்கலம் அதற்கு அடுத்ததே. எடுத்துக்காட்டாக, 3எஸ் அடுக்கில் முழு வேகத்தில் 20 ஆம்பியர் இழுக்கும் பயிற்சி வானூர்தியில் 30 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தி இருப்பதாகக் கொள்வோம். மேற்கண்ட அடுக்கு இதற்குப் போதும்.

வேகம் கூடட்டும் என்று அதே சுழலியுடன் 4எஸ் அடுக்கைப் பொருத்தினால், மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கே கூடும். மின்னோட்டமோ ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகி 35 ஆம்பியரைத் தொடும். கட்டுப்படுத்தி எரிந்துபோகக்கூடும். கலங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் சிறிய சுழலியைப் பொருத்த வேண்டும்.

பறக்கும் நேரத்தையும் கணக்கிடலாம். கொள்திறனில் 80 விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்துவது வழக்கம்: 2.2 × 0.8 = 1.76. சராசரி மின்னோட்டம் 10 ஆம்பியர் எனில், 1.76 ÷ 10 × 60 = ஏறத்தாழ பத்தரை நிமிடம். தரையிறங்கத் தாமதமாகலாம் என்பதால் கைக்கடிகாரத்தில் எட்டு நிமிடம் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

பெரிய அடுக்கு எப்போதும் கூடுதல் நேரம் தரும் என எண்ணக்கூடாது. எடை கூடினால் வானூர்தி வேகமாகப் பறந்தாக வேண்டும், மின்னோட்டமும் கூடும். புதிய அடுக்கைப் பொருத்திய பின் ஈர்ப்பு மையம் உரிய இடத்தில் உள்ளதா என்று பார்த்த பிறகே பறக்கவிட வேண்டும்.

மின்னேற்றமும் பாதுகாப்பும்

* சமநிலை மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். அது ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே 4.2 வோல்ட் அளவில் நிறுத்தும்.
* வேறு அளவு குறிப்பிடப்படாவிட்டால் 1சி அளவில், அதாவது 2200 அடுக்குக்கு 2.2 ஆம்பியரில், மின்னேற்ற வேண்டும்.
* மின்னேற்றியில் கலத்தின் வகையும் எண்ணிக்கையும் சரியாக அமைக்கப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.
* எரியாத தரையில் வைத்து, ஆள் அருகில் இருக்கும்போதே மின்னேற்ற வேண்டும்.
* எந்தக் கலமும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் நிரந்தரப் பழுது ஏற்படும்.
* சில நாட்கள் பறக்கவிடாவிட்டால் கலத்துக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருக்க வேண்டும். முழு மின்னேற்றத்தில் வைத்தால் கலம் விரைவில் மூப்படையும்.
* வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக்கூடாது.

கைவிட வேண்டிய அடுக்குகள்

உப்பிய, துளைபட்ட அல்லது நசுங்கிய அடுக்கை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டால் வெப்பம் தானாகவே பெருகித் தீப்பற்றும். வெளிவரும் புகை நச்சுத்தன்மை உடையது. வானூர்தி மோதி விழுந்தபின் அடுக்கு நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும், சிறிது நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம். எனவே அதை உடனே வண்டியிலோ வீட்டிலோ வைக்காமல் திறந்த வெளியில் வைத்துக் கவனிக்க வேண்டும். பழைய அடுக்குகளைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.