பழவேற்காடு: வலையும் சிறகும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், வெடிமருந்தும் தயாரித்தார்கள். இன்று கோட்டை இடிபாடு. பழவேற்காடு ஏரியோ பூநாரையும் கூழைக்கடாவும் வந்திறங்கும் பறவைகள் சரணாலயம். மீன்பிடிக்கும் இடத்தில் சரணாலயம் நிலைக்குமா என்று சிலர் கேட்கலாம். ஆனால், எவர், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை மீனவர்களே முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ வழக்கம் இங்கே தலைமுறைகளாக உண்டு. அளவின்றி அள்ளுவதற்கு அதுவே ஒரு தடை. உண்மையான ஆபத்து, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இருக்கிறது. அது மணலால் தூர்ந்தால் கடல்நீர் வரத்து குறையும்; இறாலும் மீனும் குறையும்; மீனவருக்கும் கூழைக்கடாவுக்கும் ஒரே நட்டம். ஆகவே, மீனவரை விலக்கி ஏரியைக் காக்க நினைப்பதைவிட, முகத்துவாரத்தைக் காப்பதில் அவர்களையும் சேர்த்துக்கொள்வதே பயன் தரும்.