மன்னிப்பில் மலரும் நன்றி

பாகாலா ரயில் சந்திப்பில் காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் ஆகிய மூன்று திசைப் பாதைகள் கூடுகின்றன. கிறிஸ்தவ சபை வரலாற்றிலும் அத்தகைய சந்திப்பு ஒன்று உண்டு.

1947 செப்டம்பர் 27-ஆம் நாள் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகிய முத்திறத்தாரும் சென்னையில் கூடித் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தனர். சித்தூர்ப் பகுதியில் ஆர்க்காட்டு மிஷன் வளர்த்த சபைகளும் அதனுள் அடங்கின.

1919-இல் தரங்கம்பாடியில் இதற்கு வித்திட்டவர்களுள் ஒருவர் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அத்தமிழர், தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் சென்று அம்மக்களின் மொழியையே தம் மொழியாக்கிக்கொண்டார். 1912-இல் ஆங்கிலிக்க சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கனியைக் காணாமலே 1945-இல் மறைந்தார்.

பெருங்கடன் மன்னிக்கப்பெற்ற ஊழியன் சிறுகடன்காரனின் கழுத்தை நெரித்தான் என்பது இயேசு கூறிய உவமை. அவன் வாயில் நன்றி இருந்திருக்கலாம். நெஞ்சில் மாற்றம் இல்லை. இணைந்த சபையாரோ மற்றவரின் குருமாருக்கு மீண்டும் குருப்பட்டம் வேண்டும் என்று கேளாது, அவர்களை அவ்வாறே ஏற்றனர். நெடுநாள் வழக்கை விட்டுக்கொடுத்த அச்செயலே மெய்யான நன்றி.

அயல் மாநிலத்தில் சிறு குழுவாய்க் கூடி வழிபடும் தமிழன்பர்களே! நன்றிப் பாடலுக்கு முன், பிணங்கிய சகோதரரின் வாயிலை நாடுவோமாக.