1% பிசகினால் 7 மீட்டர் விலகல்.. விமானத்தை ரன்வேக்கு அழைத்து வரும் கருவியை எப்படி சோதிக்கிறார்கள்?

2018 ஜனவரியில் போகிப் புகை சென்னை விமான நிலையத்தை மூடியபோது, பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டது நினைவிருக்கலாம். புகையோ பனியோ, கண்ணுக்கு ரன்வே தெரியாத நேரத்தில் பைலட்டுக்கு வழிகாட்டுவது ஐ.எல்.எஸ். என்ற ரேடியோ சிக்னல்தான். அந்த சிக்னலை வாங்கும் ரிசீவர் சரியாக வேலை செய்கிறதா என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்? பார்க்கலாம்.

ஐ.எல்.எஸ். எப்படி வேலை செய்கிறது?

நம் எஃப்.எம். ரேடியோ 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது இல்லையா? அதற்கு அடுத்த வீடுதான் ஐ.எல்.எஸ்.! 108.10 முதல் 111.95 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையில், ரன்வேயின் மறுமுனையில் இருக்கும் ஆன்டெனா ஒரு சிக்னலை அனுப்பும். இதற்குப் பெயர் லோக்கலைசர்.

அந்த சிக்னலில் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என இரண்டு டோன்கள் ஏற்றப்பட்டிருக்கும். தரையிறங்க வரும் விமானம் ரன்வே நடுக்கோட்டுக்கு இடது பக்கம் இருந்தால் 90 தூக்கலாக இருக்கும். வலது பக்கம் போனால் 150 தூக்கல். இரண்டும் சமமாக இருந்தால் நடுக்கோட்டில் வருகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் கணக்கு.

உயரத்துக்கும் இதே உத்திதான். 330 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இயங்கும் கிளைடு ஸ்லோப் சிக்னல், சுமார் 3 டிகிரி சரிவில் விமானத்தை இறக்கும்.

இதுல என்ன சிக்கல்?

ரிசீவர் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான். கேரியர் அலையின் மீது ஒவ்வொரு டோனும் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது? இதைத்தான் மாடுலேஷன் ஆழம் என்கிறார்கள். லோக்கலைசரில் ஒவ்வொரு டோனும் 20 சதவீதம் இருக்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் ரிசீவரை சோதிக்கும்போது நிஜ ரன்வே கிடையாது. ஆன்டெனாவுக்குப் பதிலாக சிக்னல் ஜெனரேட்டர் என்ற கருவியை இணைத்து, "இப்போ நீ நடுக்கோட்டில் இருக்கிறாய்" என்று ரிசீவரை நம்ப வைப்பார்கள்.

இப்போது அந்த ஜெனரேட்டரே தவறினால்? 20, 20 என்று இருக்க வேண்டியது 20.5, 19.5 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் வெறும் 1 சதவீதம். ஆனால் ரன்வே தொடக்கத்தில் அது சுமார் 7 மீட்டர் விலகலுக்குச் சமம்! பெரிய ரன்வேக்களின் அகலமே பொதுவாக 45 மீட்டர்தான். நடுக்கோட்டிலிருந்து ஓரம் வரை 22.5 மீட்டர். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

சாதாரண முதல் வகை ஐ.எல்.எஸ். தரையிறக்கத்தில் 200 அடி உயரத்துக்குள் பைலட்டுக்கு ரன்வே தெரிந்தாக வேண்டும். அதனால் அங்கே பார்த்துத் திருத்த முடியும். ஆனால் அடர்பனியில் விமானமே தானாகத் தரையிறங்கும் மூன்றாம் வகையில், அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

ஜெனரேட்டரை எப்படி சரியாக அமைப்பது?

* சூடாக விட வேண்டும்: ஆன் செய்ததும் அளக்கக் கூடாது. கையேட்டில் சொன்ன நேரம் வரை ஓட விட்ட பிறகுதான் உள்ளே இருக்கும் ஆஸிலேட்டர் நிலைக்கு வரும்.

* கேபிள் இழப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும்: 3 டெசிபல் இழப்பு என்றால் பாதி பவர் காலி. இதை மறந்தால் நல்ல ரிசீவரும் ஃபெயில் ஆகும். இழப்பைக் கூடுதலாகக் கணக்கு போட்டால், பழுதான ரிசீவர் பாஸ் ஆகிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து.

* உச்சத்துக்கு இடம் விட வேண்டும்: கிளைடு ஸ்லோப்பில் இரண்டு டோனும் தலா 40 சதவீதம். இரண்டும் சேரும்போது அலையின் உச்சம் அதிகபட்சம் 1.8 மடங்கு, பவர் 3.24 மடங்கு வரை போகலாம் என்று கணக்கில் கொள்ள வேண்டும். அதாவது சுமார் 5 டெசிபல் கூடுதல். ஜெனரேட்டரை முழு பவரில் வைத்தால் உச்சி வெட்டுப்பட்டு மாடுலேஷன் கெட்டுவிடும்.

* டோன்கள் ஒன்றாகப் புறப்பட வேண்டும்: 90, 150 இரண்டுமே 30-ன் மடங்கு. எனவே நொடிக்கு 60 முறை இரண்டும் ஒரே நேரத்தில் பூஜ்ஜியத்தைக் கடக்க வேண்டும். இரண்டையும் தனித்தனி ஆடியோ கருவியிலிருந்து கொடுத்தால் இந்தப் பிணைப்பு இருக்காது.

* இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்: முதலில் 90-ஐ தூக்கலாக வைத்து முள் எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு அதே அளவு 150-ஐ தூக்கலாக்குவார்கள். இரண்டு பக்கமும் சமமாக விலகாவிட்டால், தவறு ரிசீவரிலா ஜெனரேட்டரிலா? மாடுலேஷன் அனலைசர் என்ற தனிக் கருவியால் அளந்தால்தான் தெரியும்.

* எச்சரிக்கைக் கொடி வர வேண்டும்: ஒரு டோனை நிறுத்தினால், "சிக்னலை நம்பாதே" என்று காட்டும் கொடி பைலட் முன் உடனே தோன்ற வேண்டும். முள் நடுவில் நிற்பதை மட்டும் பார்த்துவிட்டு இந்தச் சோதனையை விடவே கூடாது.

சிக்னல் வெளியே கசிந்தால்?

ரிசீவரை நம்ப வைக்கும் சிக்னல், வானத்தில் போகும் விமானத்தையும் நம்ப வைக்கும். 2019-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடையில் கிடைக்கும் ரேடியோ கருவியை வைத்தே போலி ஐ.எல்.எஸ். சிக்னல் உருவாக்க முடியும் என்று ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் கேபிள் வழியாக, பவரைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வைத்து மட்டுமே இணைக்கிறார்கள்.

ரிசீவருக்கு தேர்வு வைக்கும் ஜெனரேட்டர், ரிசீவரை விடத் துல்லியமாக இருக்க வேண்டும். அதற்கும் குறிப்பிட்ட கால இடைவெளியில் கேலிபரேஷன் செய்து சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்று காலாவதியானால், அதை வைத்து செய்யும் சோதனையின் முடிவை நம்ப முடியாது.