காவி பூசிய தொட்டிகள்

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே எங்கள் வீட்டு வாசலில் வேலை தொடங்கிவிடும். சுவருக்கு வெள்ளையடிக்கும் முன்பே பூந்தொட்டிகளுக்குத்தான் முதல் குளியல். அப்பத்தா தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, காவியைக் கரைத்துப் பூசுவார். அது காய்ந்ததும் விளிம்பில் விரலாலேயே ஒரு சுண்ணாம்புக் கோடு. அந்தச் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து நின்றால்தான் குரோட்டன்ஸ் செடிக்கே களை வரும்.

தொட்டிகள் மானாமதுரையிலிருந்து வரும். வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டி தெருவில் நின்றதும் அப்பத்தா இறங்கிப்போய் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டுவார். கணீரென்றால் நன்றாக வெந்தது. பொத்தென்றால் கீறல் இருக்கும், இல்லை சூளையில் சரியாக வேகாதது.

இன்று அதே வீட்டு மாடியில் பிளாஸ்டிக் தொட்டிகளும் குரோ பேக்குகளும். எடை குறைவு, கீழே விழுந்தாலும் உடையாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயிலில் சில ஆண்டுகளிலேயே பை நைந்து, பிடித்த இடத்தில் பொடியாக உதிர்கிறது. பழைய தொட்டிகள் ஏழு, கொல்லையில் கவிழ்ந்து கிடந்தன. மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. "உப்பரிச்சுப் போச்சுக்கா, தூக்கிப் போட்டுரலாம்" என்றான் தம்பி.

எனக்கு மனம் வரவில்லை. அந்த வெள்ளை தொட்டியின் கோளாறே அல்ல. சுட்ட மண்ணில் நுண்ணிய துளைகள் உண்டு. உள்ளே ஊற்றும் நீர் அவற்றின் வழியே கசிந்து காற்றில் போய்விடும். அதில் கரைந்திருந்த உப்பும் சுண்ணாம்பும் வெளிப்புறத்தில் தங்கிவிடும். அப்பத்தா ஊற்றியது கேணித் தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர். போட்டது சாண எரு. நாங்கள் ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர், போடுவது கடை உரம். தொட்டி அதைத்தான் வெளியே காட்டுகிறது.

பழைய மண்ணைக் கொட்டி, மூன்று நாள் வெயிலில் காய வைத்தேன். காய்ந்த பிறகு நார் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி உதிர்ந்துவிடுகிறது. கம்பி பிரஷ் வேண்டாம், மேல்தோலைக் கீறிவிடும். ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போட்டேன். அதற்கும் போகாத சுண்ணாம்புப் படிவுக்கு, ஒரு பங்கு வினிகரில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் வைத்து, நன்றாக அலசினேன்.

என்னை அதிகம் படுத்தியது பச்சை எனாமல் பெயின்ட் அடித்த ஒரு தொட்டி. காவி பூசுவதை விட்டுவிட்டு பெயின்ட் அடித்த காலத்து மிச்சம் அது. பெயின்ட் துளைகளை அடைத்துவிடுகிறது. உள்ளிருந்து வரும் ஈரம் வழி தெரியாமல் அதைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. சுரண்டி எடுக்க இரண்டு மதியங்கள் ஆயின. மண் தொட்டிக்கு நாம் செய்கிற பெரிய கெடுதல் இதுதான் என்பேன்.

விளிம்பில் விரிசல் விட்ட தொட்டிக்கு, கழுத்துக்குக் கீழே கட்டுக்கம்பியை இரண்டு சுற்று சுற்றி, குறடால் முறுக்கினேன். விரிசல் அதற்கு மேல் ஓடவில்லை. முழுதாக உடைந்திருந்த ஒன்று ஓட்டாஞ்சில்லாகி, மற்ற ஆறின் அடித்துளைகளுக்கு மேல் கவிழ்ந்தது.

செடி வைக்கும் முன் தொட்டியை ஊற வைத்தாக வேண்டும். காய்ந்த தொட்டி, செடிக்கு ஊற்றும் நீரைத் தானே குடித்துவிடும். அடியில் இரண்டு செங்கல் வைத்தால் துளை தரையோடு அடைபடாது. சித்திரை வெயிலில் காலையும் மாலையும் தண்ணீர் கேட்கும், அது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் ஐப்பசி அடைமழையில் பிளாஸ்டிக் தொட்டியில் வேர் அழுகி நிற்கும்போது, மண் தொட்டிச் செடி தெம்பாக இருக்கும்.

2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வைகைக் கரை மண்ணில் செய்தவை எத்தனை வீட்டுக் கொல்லைகளில் இன்னும் கவிழ்ந்து கிடக்கின்றனவோ. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் தாழிகளாகவே வெளியே வந்தன. சுட்ட மண் அவ்வளவு எளிதில் மண்ணாகிவிடாது.

குப்பை வண்டியில் ஏற்றும் முன் உங்கள் வீட்டுத் தொட்டியை ஒருமுறை தட்டிப் பாருங்கள். கணீரென்றால் கழுவி வையுங்கள். பொத்தென்றால் கம்பி கட்டுங்கள்.