சேணம் அளவு தப்பினால் குதிரை முதுகு காலி! வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

சாமளாபுரம்:

பனியன் அளவு தப்பிப் போனால் 'செகண்ட்ஸ்' என்று ஒதுக்கி கிலோ கணக்கில் தள்ளி விடலாம். குதிரைக்குப் போடும் சேணம் அளவு தப்பினால்? காசும் போச்சு, குதிரை முதுகும் போச்சு!

ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோவிலில் ஆடி மாதம் திருவிழா நடக்கும். அப்போது கூடும் குதிரைச் சந்தை தமிழகம் முழுக்க பிரபலம். திப்பு சுல்தான் படைக்கே இங்கிருந்து குதிரை போனதாகச் சொல்வார்கள். மார்வாரி, காத்தியவாரி முதல் நாட்டு மட்டக்குதிரை வரை வரும். சாமளாபுரம், சோமனூர், பல்லடம் பக்கம் இருந்து குதிரை வாங்கப் போகிறவர்கள் சுழி பார்க்கலாம், பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், நடக்க விட்டும் பார்க்கலாம். சேணத்துக்கு மட்டும் பளபளப்பையும் ரேட்டையும் பார்த்தால் போதாது. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாரம் எங்கே விழணும்?

குதிரையின் முதுகெலும்பு பாரம் தாங்காது. அதன் இரண்டு பக்கமும் உள்ள சதைதான் தாங்கும். சேணத்தின் உள்ளே மரத்திலோ பைபரிலோ செய்த ஒரு சட்டம் இருக்கிறது. சவாரி செய்பவரின் எடையை இரு பக்கமும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது இந்தச் சட்டம்தான். பனியன் துணி மாதிரி இது இழுத்தால் வராது. சட்டம் குறுகலாக இருந்தால் தோளைக் கவ்வும். அகலமாக இருந்தால் முன்பக்கம் இறங்கி எலும்பில் உட்காரும்.

விரல் கணக்கு

கடையில் டேப் இல்லையா? விரலே போதும்.

* கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே 2, 3 விரல் நுழையணும்.

* சேணத்தின் அடியில் நடுவே ஓடும் பள்ளம் 3, 4 விரல் அகலம் இருக்கணும். பின்னால் நின்று பார்த்தால் அதன் வழியே வெளிச்சம் தெரியணும்.

* சேணத்தின் முன்பகுதி தோள்பட்டை எலும்புக்கு 2 விரல் பின்னால் நிற்கணும். பின்பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது.

* உட்காரும் இடம் சமமாக இருக்கணும். முன்னாலோ பின்னாலோ சரிந்தால் அளவு சரியில்லை.

அட்டை வெட்டும் வித்தை

கட்டிங் மாஸ்டர் பேட்டர்ன் அட்டை வெட்டுவது மாதிரியேதான் இதுவும். வளைத்தால் அப்படியே நிற்கும் தடி ஒயரை, தோள்பட்டைக்கு 2 விரல் பின்னால் முதுகின் குறுக்கே அழுத்தி வளையுங்கள். அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டுங்கள். அட்டையை கடைக்கு எடுத்துப் போய் சேணத்தின் அடியில் வைத்துப் பார்த்தால் பொருந்துமா, பொருந்தாதா என்று அங்கேயே தெரிந்து விடும். குதிரையைக் கூட்டிப் போக வேண்டியதில்லை.

உத்தரப்பிரதேச மாநிலம் கான்பூர் சேணத்துக்கு பெயர் போன ஊர். அதற்கு புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் எந்த ஊர் சரக்கானாலும் உங்கள் குதிரை முதுகில் உட்காரணும், அதுதான் முக்கியம்.

சேணம் உறுத்துகிறது என்று கீழே கம்பளி மேல் கம்பளி போடுவது தப்பு. இறுக்கமான ஷூவுக்குள் ரெண்டு சாக்ஸ் போட்ட கதைதான். இன்னும் இறுக்கும்.

வேர்வையே சாட்சி

அரை மணி நேரம் சவாரி போய் வந்து சேணத்தைக் கழற்றுங்கள். முதுகின் இரு பக்கமும் ஒரே மாதிரி ஈரம் இருந்தால் நல்லது. நடுவில் மட்டும் காய்ந்த திட்டு இருந்தால் உஷார்! அந்த இடத்தில் அழுத்தம் அதிகமாக இருக்கலாம், அல்லது சேணம் தொடாமலே இருக்கலாம். முதுகில் திடீரென வெள்ளை முடி முளைத்தால் அங்கே பழைய அழுத்தக் காயம் இருந்திருக்கலாம். வார் இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்குவது, கடிக்க வருவது எல்லாம் திமிர் என்று அடிக்கக் கூடாது. வலியாகவும் இருக்கலாம்.

இளைத்தாலும் கொழுத்தாலும் முதுகு மாறும். எனவே சில மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்து பார்க்கணும். ஒரே சேணத்தை நாலு குதிரைக்கு மாற்றி மாற்றிப் போடுவதும் ஆபத்து.

ஏறுபவருக்கும் அளவு உண்டு

சேணத்தில் உட்கார்ந்தால் பின்னால் 4 விரல் இடம் இருக்கணும். அங்கவடி செருப்பை விட 2 அல்லது 2.5 சென்டிமீட்டர் அகலம் வேணும். குறுகலாக இருந்தால் விழும்போது கால் மாட்டி குதிரை இழுத்துக் கொண்டு ஓடும். உயிருக்கே ஆபத்து.

எடையும் முக்கியம். அமெரிக்காவின் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 8 குதிரைகளை வைத்து நடத்திய ஆய்வு 2008ல் வெளியானது. உடல் எடையில் 20 சதவீதம் வரை குதிரைகள் சமாளித்தன. 25, 30 சதவீதம் ஏற்றியபோது சதை வலி தெரிந்தது. 400 கிலோ குதிரை என்றால் 80 கிலோ. சேணத்தின் எடையும் இதில் சேர்த்தி! லேசான சேணம் 5 முதல் 8 கிலோ வரை வரும். அமெரிக்க கவ்பாய் மாடல் 15 கிலோவைக் கூடத் தாண்டலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

புண் உள்ள, வேலைக்கு லாயக்கில்லாத பிராணியை வேலை வாங்குவது 1960ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அபராதம் கம்மி என்று அலட்சியமாக இருந்தால், வைத்தியச் செலவு அதைப் போல பல மடங்கு வரும். புண் ஆறும் வரை குதிரையும் சும்மா நிற்கும்.

ஊட்டி, கொடைக்கானலில் வாடகைக் குதிரை ஏறுபவர்களும் முதலில் முதுகைப் பாருங்கள். சேணத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. புண் தெரிந்தால் ஏறாதீர்கள்.

முதலில் குதிரை, அடுத்து அளவு, கடைசியில்தான் சேணம். இந்த வரிசையை மாற்றாதீங்க!