அச்சில்லாத 'டை கட்டிங்': காகிதம் வெட்டும் மின்னணு எந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தில்லி சாவ்ரி பஜாரில் காகித வியாபாரம் செய்கிறவன் என்பதால், சங்க விழாக்களில் என்னைப் பார்த்ததும் நம் குடும்பங்கள் முன்பெல்லாம் பத்திரிகை அட்டை விலை கேட்பார்கள். இப்போது கேட்பது வேறு. "மாமா, அந்த எலக்ட்ரானிக் டை கட்டிங் மெஷின்ல எதை வாங்கலாம்?" கொலுவுக்கு அலங்காரம், வளைகாப்புக்குப் பெயர்ப் பலகை, தாம்பூலப் பெட்டி, பிறந்தநாள் தோரணம் என்று வீட்டிலிருந்தே செய்து விற்கும் சகோதரிகள் பெருகிவிட்டார்கள். சிலர் சேமிப்பை எல்லாம் இதில் போட்டு, இதையே வருமானமாக நம்பி இறங்குகிறார்கள். ஆளுக்கு ஆள் நின்றபடி இரண்டு வார்த்தை சொல்வதைவிட மலரில் எழுதிவிடலாமே என்று தோன்றியது.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'டை' என்றால் அச்சு. சிவகாசியானாலும் தில்லியானாலும் அட்டைப்பெட்டித் தொழிலில் டை என்பது, ஒட்டுப்பலகையில் வேண்டிய வடிவத்தை அறுத்து, அந்தப் பிளவில் கூரான எஃகுப் பட்டையை வளைத்துச் செருகிய ஒரு பலகை. அதைப் பஞ்சிங் மெஷினில் மாட்டி அழுத்தினால் ஒரே அமுக்கில் தாள் வெட்டுப்பட்டு வரும். வடிவம் மாறினால் டையும் மாற வேண்டும். நாம் பேசும் மின்னணு எந்திரத்திலோ டையே கிடையாது! உள்ளே இருப்பது சின்னஞ்சிறு கத்தி ஒன்றுதான். உருளைகள் தாளை முன்னும் பின்னும் நகர்த்த, கத்தி இடமும் வலமும் ஓட, இரண்டும் சேர்ந்து கணினியில் இருக்கும் கோட்டைப் பின்பற்றுகின்றன. கத்தி தன் பிடியில் தானே சுழன்று, போகிற திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மோட்டார் சைக்கிளுக்கு 'ரேடியம்' ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் இருக்கிற எந்திரம் இதற்கு அண்ணன் முறை.

(இலையை, தாளை நறுக்கி உருவம் செய்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. காமசூத்திரத்தின் 64 கலைகளில் இலை நறுக்குதல் உண்டு. சமண ஆகமங்கள் சொல்லும் 72 கலைகளிலும் 'பத்ர சேத்யம்' வருகிறது. தில்லிக்கு மூன்று மணி நேரத் தூரத்தில் உள்ள மதுராவில், 'சாஞ்சி' என்ற பெயரில் கத்தரிக்கோலாலேயே இன்றும் நுட்பமாக வெட்டுகிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள்.)

அச்சு இல்லை என்கிற இந்த ஒரு விஷயத்திலிருந்தே பாதி முடிவு வந்துவிடும். நூறு பெயர், நூறு வடிவம், ஒவ்வொன்றும் வேறு என்றால் இந்த எந்திரம் காமதேனு. ஒரே பெட்டி 500 வேண்டுமென்றால் இதன் பக்கம் போகாதீர்கள். தாளைப் பாயில் ஒட்டி, வெட்டி, உரித்தெடுக்க ஒன்றுக்கு 3 நிமிஷம் என்று வைத்தால்கூட 500-க்கு 1500 நிமிஷம், அதாவது 25 மணி நேரம். டை அடிக்கும் இடத்தில் கொடுத்தால் ஒரு மணி நேரத்து வேலை. ஆகவே மாதிரிப் பெட்டியை வீட்டில் வெட்டி வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள், ஆர்டர் வந்தபின் மொத்தத்தையும் டை கடையில் கொடுங்கள். என்னிடம் தாள் வாங்கும் கெட்டிக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்து, விளம்பரத்தில் பெரிதாகப் போடும் 'அழுத்த விசை'. கிரிகட் கம்பெனி 2017-இல் கொண்டுவந்த மேக்கர் எந்திரம் 4 கிலோ வரை அழுத்தும் என்கிறார்கள். அதே கம்பெனியின் எக்ஸ்ப்ளோர் வகையைவிட இது பத்து மடங்கு. விலையும் ஏறுகிறது. ஆனால் அந்தப் பலம் தோல், தடித்த மில்போர்டு, பால்சா மரம் போன்றவற்றுக்கு. காகிதத்துக்கு வேண்டியது கத்தியின் கூர்மைதான். 250 ஜி.எஸ்.எம். அட்டையைக் குறைந்த விசை எந்திரமே, தேவைப்பட்டால் இரண்டு ஓட்டத்தில், சுத்தமாக வெட்டிவிடும். காகிதம் மட்டும்தான் என்று உறுதியாக இருப்பவர்கள் மேல்விலை எந்திரத்துக்கு ஆசைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பாதி அழுத்தத்தில் மேல்தாளை மட்டும் வெட்டி, அடித்தாளைத் தொடாமல் விடும் வேலையும் உண்டு. ஸ்டிக்கர் எல்லாம் அப்படித்தான். ஓலைச்சுவடியில் எழுத்தாணி ஓலையின் தோலைக் கீறும், ஊடுருவாது. அந்தக் கை அளவை இங்கே எந்திரத்துக்கு நாம் எண்ணால் சொல்லித்தர வேண்டும், அவ்வளவே.

கடைக்காரர் சொல்லும் ஜி.எஸ்.எம்.-ஐ அப்படியே நம்பாதீர்கள். (நானும் கடைக்காரன்தான்!) ஒரு சதுர மீட்டரில் ஏ4 தாள் சரியாக 16 அடங்கும். ஒரு ஏ4 தாளைச் சிறிய எலக்ட்ரானிக் தராசில் நிறுத்து 16-ஆல் பெருக்குங்கள். 5 கிராம் என்றால் 80 ஜி.எஸ்.எம்., 15.6 கிராம் என்றால் 250. எந்திரத்தில் வைக்கும் அளவு இதைப் பொறுத்தது. சாங்கானேரிலிருந்து வரும் கைக்காகிதம் கண்ணுக்கு அழகு. ஆனால் பருத்தி நார் தளர்வாக இருப்பதால் நுண்ணிய வளைவுகளில் கத்தி அதை வெட்டாமல் பிய்க்கும். அதில் பெரிய வடிவம் மட்டும் வெட்டலாம்.

அகலத்தில்தான் பணம் ஓசைப்படாமல் போகிறது. இந்த எந்திரங்கள் அமெரிக்காவின் 12க்கு 12 அங்குலத் தாளை மனதில் வைத்துச் செய்தவை. நம்மூர் சார்ட் ஷீட்டு 22க்கு 28. அதில் 12க்கு 12 துண்டு இரண்டுதான் கிடைக்கும். மொத்தம் 616 சதுர அங்குலத்தில் 288 போக 328 கழிவு, பாதிக்கு மேல் குப்பை! எந்திரம் வாங்கும்போதே 12க்கு 24 அங்குல நீளப் பாயையும் கேட்டு வாங்கினால், ஷீட்டை 11க்கு 14 ஆக நான்காக்கி ஒரு துண்டும் வீணாகாமல் வெட்டலாம். ஏ3 வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: 12 அங்குல எந்திரம் பாயின் மேல் வெட்டுவது பெரும்பாலும் 11½ அங்குலம், அதாவது 29.2 செ.மீ. ஏ3-யின் அகலமோ 29.7. ஓரம் வரை வராது. 8 அங்குல எந்திரமும் அப்படியே, 20.3 செ.மீ.தான், ஏ4 அகலம் 21.

இனி நமக்கே உரிய ஒரு சிக்கல், தமிழ் எழுத்து. வெட்டு எந்திர மென்பொருள்களில் தமிழைத் தட்டினால் சிலவற்றில் கொம்பு தனியாக, கால் தனியாகச் சிதறும். எழுத்தின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அந்த இடத்திலும் கத்தி புகுந்து வெட்டிவிடும். இதற்கு வழி, 'இங்க்ஸ்கேப்' என்ற இலவச மென்பொருளில் தமிழைத் தட்டி, எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி, ஒன்றாக இணைத்து, பிறகு வெட்டு மென்பொருளுக்குக் கொண்டுபோவது. அப்போதும் புள்ளி இருக்கிறதே! 'நல்வரவு' என்று வெட்டித் தொங்கவிட்டால் 'ல்' மேல் இருக்கும் புள்ளி கீழே விழுந்துவிடும். ஆங்கில 'ஐ'க்கும் இதே கதி உண்டென்றாலும் நமக்கு வார்த்தைக்கு வார்த்தை புள்ளி. மெல்லிய தண்டு ஒன்று வரைந்து புள்ளியை எழுத்தோடு சேர்த்துவிடுங்கள், அல்லது பின்னால் வேறு நிறத்தாள் கொடுத்து ஒட்டுங்கள். ஸ்டென்சில் வெட்டுவோருக்குத் தொல்லை வேறு விதம்: 'க', 'ம', 'த' ஆகியவற்றின் உள்வயிறு கழன்று விழும், அங்கே சிறு பாலம் விட வேண்டும். எந்திரம் பார்க்கப் போகும்போது உங்கள் வீட்டுப் பெயரைத் தமிழில் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்டுபவர் விழித்தால் தெரிந்துகொள்ளலாம்.

மென்பொருள் விஷயத்தில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. சேமிப்பைப் போடுகிறவர்கள் அவசியம் படிக்கவும். 2011-இல் விற்பனைக்கு வந்த 'கிரிகட் மினி' என்ற சிறு எந்திரம், அந்தக் கம்பெனியின் 'கிராஃப்ட் ரூம்' என்ற மென்பொருளை நம்பியே ஓடிற்று. 2018 ஜூலையில் கம்பெனி கிராஃப்ட் ரூமை மூடிவிட்டது. மோட்டார் நன்றாக இருக்கிறது, கத்தி நன்றாக இருக்கிறது, எந்திரம் மட்டும் ஊமையாகிவிட்டது. பிறகு 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படங்களுக்கு மேல் ஏற்ற முடியாது என்று அதே கம்பெனி அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றது. எந்திரம் நல்ல எந்திரம், கற்பதற்கு மிக எளிது, அதை மறுக்கவில்லை. ஆனால் முழு விலை கொடுத்து வாங்கிய பொருளின் சாவி ஒருபகுதி இன்னொருவர் இடுப்பில் இருக்கிறது. நம் தொழிலில் வாடகைக் கடைக்கும் சொந்தக் கடைக்கும் என்ன வித்தியாசமோ அதுதான் இது.

ஜப்பானின் கிராப்டெக் குழுமத்தைச் சேர்ந்த சில்லவுட் கேமியோ எந்திரத்தின் மென்பொருள் கணினியிலேயே இருந்து இணையமில்லாமல் ஓடும். கற்றுக்கொள்ள ஒரு மாதம் பிடிக்கலாம். இலவசப் பதிப்பில் எந்தெந்தக் கோப்பு திறக்கும், எது பணம் கட்டினால் திறக்கும் என்பதை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரதர் கம்பெனியின் ஸ்கேன்-என்-கட்டில் ஸ்கேனரே உள்ளே இருக்கிறது, கணினியே வேண்டாம். பாட்டி வெள்ளைத்தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோலம் போட்டுக் கொடுத்தால் அதையே படித்து வெட்டும். கணினிக்குப் பழகாத மூத்த சகோதரிகளுக்கு விலை சற்றுக் கூடினாலும் இதைத்தான் சொல்வேன். தொழிலாகவே செய்யப்போகும் இளையவர்களுக்குக் கேமியோ. பள்ளிப் பிராஜெக்ட், கொலு, பிறந்தநாள் என்று வீட்டோடு முடிந்துவிடும் என்றால் கிரிகட் போதும்.

லேசர் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேகம் அதிகம்தான், தாளின் ஓரம் பழுப்பாகக் கருகும், புகை வரும். பி.வி.சி. வினைலை லேசரில் வைத்தால் அமிலப் புகையே வரும். அடுக்குமாடி வீட்டுக்கு வேண்டாம்.

எதை வாங்கினாலும் பாயும் கத்தியும் மறுபடி மறுபடி வாங்கும் செலவு. அவை இங்கேயே கிடைக்கின்றனவா என்று விசாரித்த பிறகே எந்திரத்துக்குப் பணம் கட்டுங்கள். தில்லிப் புழுதியில் பாயின் பசை சீக்கிரம் செத்துவிடும். வேலை முடிந்ததும் கூட வந்த பிளாஸ்டிக் உறையை மூடி வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் தாள் ஈரம் குடித்து வெட்டு மசமசவென்று வரும். அந்த மாதங்களில் தாள் கட்டைப் பிரித்துப் போடாமல் பாலிதீனில் சுற்றி, வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். கடையில் செய்துகாட்டும்போது அவர்கள் கொடுக்கும் வழவழப்பான தாளை ஒதுக்கிவிட்டு, நீங்கள் வழக்கமாக வாங்கும் தாளில் நாலு துண்டு கையோடு கொண்டுபோய், அதில் வெட்டச் சொல்லிப் பாருங்கள்.